கிதாரை நுண்சுரங்களுக்கு மாற்றுவது: கணக்கு பத்து நிமிடம், மீதியெல்லாம் மரவேலை

ஒரு ஸ்தாயியில் 12 சுரங்களுக்குப் பதிலாக 19, 24 அல்லது 31 விழும்படி ஒலிக்கிதாரின் (அக்கூஸ்டிக் கிதார்) ஃபிரெட்டுகளை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, பிடுங்கி மறுபடி பதிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஃபிரெட் எங்கே வர வேண்டும் என்ற கணக்கைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிதார் கெட்டுப்போவது அதற்குப் பிறகு: அளவெடுத்த இடம் தவறுவது, பழைய காடிக்கு (ஃபிரெட் இறங்கும் வெட்டுப் பள்ளம்) ஒட்டியே புதிய காடி விழுவது, ஃபிரெட்டுகளின் எண்ணிக்கை கூடியதால் கழுத்து பின்னால் வளைவது. இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அந்த மூன்றையும் சுற்றியே இருக்கும்.

எந்தக் கிதாரில் செய்யலாம்? டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பி) உள்ள கழுத்தாக இருக்க வேண்டும். ஃபிரெட்போர்டு, அதாவது ஃபிரெட் பதியும் மேல்மரம், ஈட்டி, கருங்காலி போன்ற அசல் மரமாக, ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை இல்லாமல் இருப்பது நல்லது. பட்டை இருந்தால் ஒவ்வொரு காடியையும் அதற்கு முன்பே நிறுத்தி வெட்ட வேண்டும். முதல் முறை செய்பவருக்கு அது வேண்டாத தலைவலி. போர்டின் கனம் குறைந்தது 5 மி.மீ. இருக்கட்டும்.

எத்தனையாகப் பிரிப்பது

24 என்றால் கால்சுரம், படிக்கு 50 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). பழைய ஃபிரெட்டுகள் அப்படியே இருக்கும், இடையிடையே ஒன்று சேரும். பிடிக்காவிட்டால் புதியவற்றைப் பிடுங்கிக் காடியை அடைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அரபு மகாம் (ராகம்போன்ற இசைமுறை) வழிக்குத் தேவையான 350 சென்ட் காந்தாரம் இதில் கிடைக்கும். ஆனால் சுருதி சுத்தத்துக்காக வருபவர்களுக்கு இது ஏமாற்றம்தான். அந்தர காந்தாரம் வழக்கமான 400 சென்டிலேயே நிற்கும். இயற்கை அளவான 386.3ஐவிட 13.7 சென்ட் கூடுதல்.

19இல் ஒரு படி 63.16 சென்ட். அந்தர காந்தாரம் 378.9, சாதாரண காந்தாரம் 315.8. இரண்டாவது இயற்கை அளவுக்கு மயிரிழை தூரத்தில் இருக்கிறது. பஞ்சமம் 694.7, அதாவது 7 சென்ட் தாழ்வு. மெதுவான அலைவு கேட்கும், காது பழகிவிடும். விரல் வைக்க இடம் இருக்கிறது, வழக்கமான தந்தி ஒழுங்கும் கெடாது. முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை இதுதான்.

22இல் ஒரு பொறி இருக்கிறது. இங்கே மத்யமம் 9 படி, அந்தர காந்தாரம் 7 படி. வழக்கமான ஒழுங்கில் தந்திகளுக்கு இடையே நான்கு மத்யமங்களும் ஒரு காந்தாரமும் வரும்: 36 + 7 = 43. இரண்டு ஸ்தாயிக்கு வேண்டியது 44. அதனால் 6ஆம் தந்தியும் 1ஆம் தந்தியும் ஒரே சுரத்தில் சேராது. தந்தி ஒழுங்கையே வேறாக யோசிக்கத் தயாராக இருந்தால் மட்டும் 22 பக்கம் போகலாம். 19இல் இதே கணக்கு 32 + 6 = 38, சரியாக இரண்டு ஸ்தாயி. 31இல் 52 + 10 = 62, அதுவும் சரி.

31 காதுக்கு அருமை. அந்தர காந்தாரம் 387.1. ஆனால் 650 மி.மீ. தந்தி நீளமுள்ள கிதாரில் முதல் இடைவெளியே 14.4 மி.மீ.தான், ஸ்தாயிக்குப் பக்கத்தில் 7.35 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதில் ஃபிரெட்டின் தலையே 2 மி.மீ. எடுத்துக்கொள்ளும். ஒலிக்கிதாரில் ஸ்தாயிக்கு மேலே 31ஐ முழுதாகப் பதிப்பது வீண். அங்கே ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

கணித விகிதங்களின்படி முழுத் தூய சுருதி வேண்டும் என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆறு தந்திக்கும் குறுக்கே ஓடும் நேர் ஃபிரெட், சம பங்கீட்டுக்குத்தான் ஒத்துவரும். விகித சுருதியில் ஒவ்வொரு தந்திக்கும் ஃபிரெட் வேறு வேறு இடத்தில் வரும். தந்திக்கொரு துண்டு ஃபிரெட் பதிக்க வேண்டியிருக்கும். துருக்கியைச் சேர்ந்த டோல்கஹான் சோவுலு 2008இல் வடிவமைத்த கிதாரில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே தடம் வெட்டி, துண்டு ஃபிரெட்டுகளை நகர்த்தும்படி வைத்திருக்கிறார். அது தனி வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். கிதாரில் ரம்பம் விழுந்தால் விழுந்ததுதான். அதனால் வெட்டுவதற்கு முன், தேர்ந்தெடுத்த பங்கீட்டை ஒரு மலிவான கிதாரில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஃபிரெட்டுகளைக் கழற்றிவிட்டு, 1 மி.மீ. நைலான் தூண்டில் நரம்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் தற்காலிக ஃபிரெட் ஆகிவிடும். கழுத்து உடலோடு சேரும் இடம்வரை மட்டுமே கட்ட முடியும். ஒலி மந்தமாக வரும். விரல் எங்கே திணறுகிறது என்பதை அறிய அது போதும்.

அளவு

நட்டிலிருந்து (தலைப் பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) சாடில்வரை (உடல் பக்கம் தாங்கும் கட்டை) அளந்து, அதையே தந்தி நீளம் என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. தந்தியை அழுத்தும்போது இழுபட்டுச் சுரம் ஏறுவதை ஈடுகட்ட, சாடில் ஏற்கெனவே சில மி.மீ. பின்தள்ளி, சாய்வாக வைக்கப்பட்டிருக்கிறது. சரியான அளவு: நட்டின் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட் தலையின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். 650க்குப் பதில் 653 என்று எடுத்தால் ஸ்தாயி ஃபிரெட் 1.5 மி.மீ. தள்ளி விழும். அது அங்கே 8 சென்ட் பிழை. நுண்சுரத்துக்காகச் செய்யும் வேலையில் 8 சென்ட் போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? இந்த அளவை ஃபிரெட்டுகளைப் பிடுங்குவதற்கு முன்பே எடுத்துக் குறித்துவைக்க வேண்டும். பிறகு அளக்க ஃபிரெட் இருக்காது.

கணக்கை விரிதாளில் போடுவது எளிது. 650 மி.மீ., 19 பங்கீடு, 5ஆம் ஃபிரெட் என்றால் =650-650/2^(5/19). விடை 108.38. இப்படியே மற்றவை: 1ஆம் ஃபிரெட் 23.29, 2ஆம் ஃபிரெட் 45.74, 3ஆம் ஃபிரெட் 67.38, 6ஆம் ஃபிரெட் 127.78, 8ஆம் ஃபிரெட் 164.53, 11ஆம் ஃபிரெட் 214.86, 19ஆம் ஃபிரெட் 325.00. எல்லாத் தூரமும் நட்டிலிருந்தே. ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து போனால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். 24 பங்கீட்டில் புதிய ஃபிரெட் இரண்டு பழையவற்றுக்குச் சரிபாதியில் வராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. முதலாவது 18.50 மி.மீ. தூரத்தில், பாதியான 18.24க்குச் சற்றுத் தள்ளி விழும்.

எவ்வளவு துல்லியம் தேவை? 0.2 மி.மீ. பிழை முதல் ஃபிரெட் பக்கம் அரை சென்ட், ஸ்தாயியில் ஒரு சென்ட். ஆகவே நல்ல எஃகு அளவுகோலும் வெர்னியர் காலிப்பரும் கூரான கத்தி முனைக் குறியும் போதும். பென்சில் கோட்டின் தடிமனே 0.3 மி.மீ. இருக்கும், அதனால் கத்தி. தாளில் அச்சிட்ட அளவுப் படத்தை ஒட்டி வெட்டுவதென்றால், அச்சுப்பொறி அளவைச் சுருக்காமல் அச்சிட்டதா என்று ஸ்தாயிக் கோட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

குறியைச் செங்குத்தாக இழுப்பதிலும் ஒரு சூட்சுமம். ஃபிரெட்போர்டு நட்டின் பக்கம் ஒடுங்கியும் உடல் பக்கம் அகன்றும் இருக்கும். மூலமட்டத்தை அதன் ஓரத்தில் வைத்தால் எல்லா ஃபிரெட்டும் சாய்ந்துவிடும். முதலில் நடுக்கோட்டைக் குறித்து, அதற்கு இணையாக ஒரு நேரான ரீப்பர் கட்டையை இருபக்க டேப்பால் ஒட்டி, மூலமட்டத்தை அதில் சாய்க்க வேண்டும்.

பிடுங்குவதும் அடைப்பதும்

தந்திகளைக் கழற்றி, டிரஸ் ராடைத் தளர்த்தி, கழுத்து நேராக நிற்கும்படி வையுங்கள். உடலின் மேற்பலகையை மூடும்படி அட்டை வெட்டி டேப் ஒட்டிவிடுவது நல்லது. ஒவ்வொரு ஃபிரெட்டின் மீதும் ஒரு சொட்டு நீர் விட்டு, சால்டரிங் அயர்னால் அரை நிமிடம் சூடாக்குங்கள். பிறகு முகம் தட்டையாகத் தேய்த்த எண்ட் நிப்பரை (முனையில் வெட்டும் குறடு) ஓர் ஓரத்தில் நுழைத்து, அழுத்தி அழுத்தியே நகர்த்திக்கொண்டு போகலாம். தூக்கி இழுத்தால் அடித்தகட்டின் (ஃபிரெட்டில் மரத்துக்குள் இறங்கும் பகுதி) பற்கள் மரச் சில்லைக் கூடவே பெயர்த்துவரும். பெயர்ந்த சில்லை அப்போதே சூப்பர் குளூவால் ஒட்டிவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் காணாமல்போகும். முன்பு ஃபிரெட்டுகள் சூப்பர் குளூவால் ஒட்டப்பட்டிருந்தால் சூட்டில் வரும் புகை கண்ணைக் கிழிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஈட்டி, கருங்காலித் தூளும் ஒவ்வாமை தரும். முகக்கவசம் கட்டாயம்.

24 பங்கீடு செய்பவர்களுக்கு அடைக்கும் வேலை இல்லை. மற்ற எல்லோருக்கும் இதுதான் வேலையின் முதுகெலும்பு. பழைய காடிகளை மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பலாம் என்று சொல்வார்கள். மேலோட்டமாக அது சரியாகத் தெரியும். ஆனால் புதிய காடி பக்கத்தில் விழும்போது அந்தக் குழைவு உதிரும். போர்டின் மரத்திலேயே 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமன் வெனீர் பட்டை எடுத்து, காடியின் அடிவரை இறங்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து நீர்போன்ற சூப்பர் குளூ ஊறவிடுவதே உறுதி. பட்டை விரல் அழுத்தத்தில் இறங்க வேண்டும், தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கம் கூடாது. நீர் கலந்த மரப்பசை பட்டையை ஊதவைத்துக் கழுத்தைத் தள்ளும் என்பதால் இங்கே அதைத் தவிர்ப்பேன். ஓர் இரவு விட்டு, கூரான உளியால் மட்டம் செதுக்கலாம். அடைக்காமலே விட்டுவிடும் யோசனை வேண்டாம். வெற்றுக் காடிகள் தந்தி இழுப்பைத் தாங்காமல் கழுத்தை முன்னால் மடங்கவிடும்.

பழைய காடிக்கும் புதியதற்கும் எங்கே மோதல் வரும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுப் பார்க்கலாம். 650 அளவில் பழைய 5ஆம் ஃபிரெட் 163.05இல், 19 பங்கீட்டின் 8ஆம் ஃபிரெட் 164.53இல். வித்தியாசம் 1.48 மி.மீ. காடியின் அகலத்தைக் கழித்தால் நடுவில் 0.9 மி.மீ. மரச் சுவர்தான் மிஞ்சும். பழைய 7ஆம் ஃபிரெட்டும் புதிய 11ஆம் ஃபிரெட்டும் இன்னும் நெருக்கம்: 216.18, 214.86. பழைய 10ஆம் ஃபிரெட் பக்கம் 2.2 மி.மீ. இந்த மூன்றிலும், ஸ்தாயிக்கு மேலே இதேபோல நெருங்கும் இடங்களிலும் வெனீர் பட்டையை முழு ஆழத்துக்குப் பசையில் ஊறவைத்து, ஒரு நாள் கழித்து, ரம்பத்தை அழுத்தாமல் அதன் எடையிலேயே ஓடவிட வேண்டும். பதிக்கும்போது அந்த ஃபிரெட்டுகளின் பற்களை அரத்தால் பாதியாகத் தேய்த்துவிட்டால் சுவர் பிளக்காது.

இந்த மோதலைத் தவிர்க்க, பழைய 5, 7ஆம் ஃபிரெட்டுகளை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். 5 சென்ட்தானே? கூடாது. திறந்த தந்திகளுக்கு இடையே 505.3 சென்ட் மத்யமம் வைத்துவிட்டு, ஃபிரெட்டில் 500 சென்ட் மத்யமம் வைத்தால் கிதார் தனக்குத் தானே ஒவ்வாது.

போர்டின் முத்துப் புள்ளிகளும் குறுக்கே வரும். 6 மி.மீ. புள்ளியென்றால், 3ஆம் இடப் புள்ளியின் மேல் புதிய 4ஆம் ஃபிரெட்டும், 5ஆம் இடப் புள்ளியின் மேல் புதிய 7ஆம் ஃபிரெட்டும் ஏறும். ரம்பத்தில் முத்து தெறிக்கும். முன்பே துளைபோட்டு எடுத்து, மர முளை வைத்து அடைத்துவிடுவது மேல். பக்கவாட்டுப் புள்ளிகளும் இனிப் பொய் சொல்லும். கண்ணில் படாமல் மூடிவிட்டு, 19இல் 3, 6, 8, 11, 19 என்ற இடங்களுக்குப் புதிதாக வைக்கலாம்.

வெட்டுவதும் பதிப்பதும்

அடைத்த பிறகு போர்டை மட்டமாக்க வேண்டும். எஃகு இழையுள்ள ஒலிக்கிதார்களில் போர்டின் வளைவு ஆரம் பெரும்பாலும் 12 முதல் 16 அங்குலம், நைலான் தந்திக் கிதாரில் தட்டை. பொருத்தமான வளைவுக் கட்டையில் 120, 220, 400 எண் உப்புத்தாள் வரிசையில் போதும். மரத்தை அதிகம் கரைக்க வேண்டாம், காடிகளின் ஆழம் குறையும்.

ரம்பம் விஷயத்தில் சிக்கனம் செய்யக் கூடாது. காடியின் அகலம் ரம்பத்தால் முடிவாகிறது, 0.58 மி.மீ. வெட்டும் ஃபிரெட் ரம்பம் வேண்டும். ஃபிரெட் கம்பி வாங்கியதும், அதன் அடித்தகட்டின் தடிமனைக் காலிப்பரில் அளந்து, வேறொரு கடின மரத் துண்டில் காடி வெட்டிப் பதித்துப் பாருங்கள். 19 பங்கீட்டுக்கு ஸ்தாயி தாண்டி உடல்வரை 31 ஃபிரெட் வரும். ஒவ்வொன்றும் ஓரங்களில் மிச்சம் சேர்த்துச் சராசரி 60 மி.மீ., ஆக 1.9 மீட்டர், சேதாரத்துக்கு 2.2 மீட்டர் வாங்கலாம். தலை 2 மி.மீ. அகலமும் 1 மி.மீ. உயரமும் உள்ள மெல்லிய ரகமே ஏற்றது. தலை உயர்ந்தால் விரல் அழுத்தத்திலேயே சுரம் சில சென்ட் ஏறும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நீடிக்கும்தான், ஆனால் வீட்டு அரங்களைத் தின்றுவிடும். முதல் முறைக்கு நிக்கல் சில்வர்.

காடியின் ஆழம் அடித்தகட்டைவிட அரை மி.மீ. கூடுதலாக, போர்டின் வளைவைத் தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் வெட்டுவது கை செய்யும் இயல்பான தவறு. ஓரங்கள் பின்னர் எழும்பி நிற்பது இதனால்தான். உடலுக்கு மேல் இருக்கும் பகுதியில் ரம்பக் கைப்பிடி பலகையில் இடிக்கும், அங்கே குட்டை ரம்பம் அல்லது கைப்பிடி கழற்றிய பழைய ரம்பத் தகடு.

இனிக் கழுத்து வளையும் கதை. அடித்தகடு காடியைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஆப்பு ஆகிறது. ஒரு காடியில் 0.03 மி.மீ. இறுக்கம் என்றால் 31 காடிகளில் கிட்டத்தட்ட 1 மி.மீ. அவ்வளவும் கழுத்தின் மேல்முகத்தை நீட்டப் பார்க்கும். கழுத்து பின்னால் வளையும். 20 ஃபிரெட்டில் தெரியாத இது 31இல் தெரியும், 40இல் கழுத்தையே பாழாக்கும். டிரஸ் ராடைத் தளர்த்தினாலும் முன்னால் வராத கழுத்துக்கு வீட்டில் வைத்தியம் ஃபிரெட்டுகளை மறுபடி பிடுங்குவது மட்டுமே. ஆகவே இங்கே வழக்கத்துக்கு மாறாக, ஃபிரெட் கட்டைவிரலால் பாதி இறங்கும் அளவுக்குக் காடி தளர்வாக இருக்கட்டும். பிடிப்பைப் பசை பார்த்துக்கொள்ளும். ஐந்து ஃபிரெட்டுக்கு ஒரு முறை நேர்கோலை வைத்துப் பாருங்கள். பின்வளைவு தொடங்கினால் மிச்சக் காடிகளில் ரம்பத்தை இன்னொரு முறை ஓட்டி அகலப்படுத்த அப்போதுதான் வாய்ப்பு.

கம்பியைப் போர்டின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, முதலில் இரு ஓரங்களையும் பிறகு நடுவையும் பிளாஸ்டிக் முகச் சுத்தியலால் தட்ட வேண்டும். கழுத்துக்குக் கீழே மணல் பை. உடலின் மேல் உள்ள ஃபிரெட்டுகளுக்கு ஒலித்துளை வழியாகக் கை விட்டு உள்ளே கனமான இரும்புத் துண்டைத் தாங்கிப் பிடித்து மெல்லத் தட்டலாம். தாங்காமல் அடித்தால் பலகை உள்ளே விரியும். பிறகு ஓரங்களிலிருந்து ஒரு சொட்டு சூப்பர் குளூ.

மட்டமாக்கும்போது கடையில் கிடைக்கும் ஃபிரெட் ஆட்ட அளவி பெரும்பாலும் உதவாது. அது மூன்று ஃபிரெட்டைத் தொட்டு, நடுவில் உள்ளது உயர்ந்திருந்தால் ஆடிக் காட்டும் கருவி. 19இல் ஸ்தாயிப் பக்கம் மூன்று ஃபிரெட்டுக்கான நீளமே 24 மி.மீ.தான், அதன் குறுகிய ஓரம் நான்கைத் தொட்டு, மேடே இல்லை என்று பொய் சொல்லும். பழைய எஃகு அளவுகோலில் 26 மி.மீ. துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தலைகளை மார்க்கரால் கறுப்பாக்கி, நேரான கட்டையில் 400 எண் தாள் ஒட்டித் தேய்த்து, மறுபடி அரத்தால் தலையை உருண்டையாக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில் சோம்பல் பட்டால் துல்லியமெல்லாம் போய்விடும். 1 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக நிற்கும் தலையில் தந்தி நடுவை விட்டு முன்விளிம்பில் அமரும். அரை மி.மீ. நகர்வு, ஸ்தாயியில் 2.7 சென்ட்.

நட்டும் சுருதியும்

எல்லாம் முடிந்து முதல் ஃபிரெட்டில் மட்டும் சுரம் ஏறிக் கேட்டால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம், நட்டைப் பாருங்கள். முதல் ஃபிரெட் 36 மி.மீ.க்குப் பதில் இப்போது 23 மி.மீ.யில். நட் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் தந்தி செங்குத்தாக மடங்கி இழுபடும். 2ஆம், 3ஆம் ஃபிரெட்டுகளுக்கு இடையே தந்தியை அழுத்திப் பிடித்தால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் அளவுக்கே இடைவெளி இருக்கலாம். அதற்குமேல் இருந்தால் நட்டின் பள்ளத்தை இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக. இறங்கிய பள்ளம் ஏறாது.

19 பங்கீட்டில் சுருதி கூட்ட, ஏ தந்தியைச் சரியாக வைத்துக்கொண்டு டியூனரில் மற்றவற்றை இப்படித் தள்ளலாம்: டி 5.3 சென்ட் கூடுதல், ஜி 10.5 கூடுதல், பி 10.5 குறைவு, இரண்டு ஈ தந்திகளும் 5.3 குறைவு. தந்திகள் இழுப்புக்கு வந்து ஒரு நாள் கழித்துக் கழுத்தின் வளைவையும் டிரஸ் ராடையும் மறுபடி பார்க்க வேண்டும். சாடிலைத் தொடுவதென்றால் அதற்குப் பிறகுதான். ஸ்தாயி ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் மெல்லொலியும் ஒத்துப்போனால், மற்ற ஃபிரெட்டுகளை டியூனரில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். ஒரே ஒரு ஃபிரெட் மட்டும் ஆறு தந்தியிலும் ஒரே அளவு தவறினால் காடி இடம் மாறியிருக்கிறது. ஒரு தந்தி மட்டும் எல்லா ஃபிரெட்டிலும் தவறினால் அது நட் அல்லது சாடில் கோளாறு. எதிலும் சேராமல் அங்கொன்றும் இங்கொன்றும் தவறினால் தந்தியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.